பச்சிளங்குழந்தையின் வயிற்றில் நிணநீர்க் கசிவு: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

பிறந்து சில நாட்களோ சில வாரங்களோ ஆன குழந்தையின் வயிறு நாளுக்கு நாள் உப்புகிறது. ஸ்கேனில் நீர் தெரிகிறது. ஊசியில் எடுத்துப் பார்த்தால் தண்ணீர் கலந்த பால் போல வெளுத்து வருகிறது. குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து செல்லும் நிணநீருக்குக் கைல் என்று பெயர். அது தன் நாளத்தை விட்டு வயிற்றறைக்குள் கசிந்து தேங்குவதைக் கைலஸ் அசைட்டிஸ் என்கிறோம். மிக அரிதாக வருவதால், இதைப் பார்த்துப் பழகாத வார்டுகளே அதிகம்.

குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்கள், செவிலியர்களுக்காகவும், குழந்தையின் பக்கத்திலேயே இருக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் வரும் மருந்தளவுகள், மருத்துவர் எழுதியதைப் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கும் நோய் இதுவல்ல.

கசியும் இடம் பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்கிறது. அதற்கு நிணநீர் ஓட்டம் குறைய வேண்டும். நாளும் ஆக வேண்டும். அந்த நாட்களில் குழந்தை மெலியாமலும் புரதம் வற்றாமலும் கிருமி தொற்றாமலும் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. நான் பார்த்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை மருந்து தெரியாததால் வந்தவை அல்ல. வரிசை மாறியதாலும் பொறுமை தீர்ந்ததாலும் வந்தவை.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வயிற்று நீர் மாதிரியை அதே நாளில் பார்த்துச் சொல்லும் ஆய்வகம், குழந்தைகளுக்கு ஸ்கேன் செய்து பழகியவர், எம்.சி.டி. என்ற நடுச்சங்கிலிக் கொழுப்பு நிறைந்த பால் பவுடர், குழந்தைகளுக்கான உணவியல் நிபுணர், நரம்புவழி ஊட்டத்தைத் தயாரிக்கும் வசதி, குழந்தைகள் அறுவை மருத்துவரின் தொடர்பு ஆகிய அனைத்தும் வேண்டும். எம்.சி.டி. பவுடர் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. முடிவு உறுதியான பிறகு தேடத் தொடங்கினால் இரண்டு மூன்று நாட்கள் வீணாகும். சந்தேகம் எழுந்த அன்றே ஒரு டின்னுக்குச் சொல்லிவையுங்கள்.

இவற்றில் பாதிகூட இல்லாத மருத்துவமனை என்றால், குழந்தை நிலையாக இருக்கும்போதே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது நல்லது. மூச்சுத் திணறல் தொடங்கிய பிறகு அனுப்பினால் வழியிலேயே சிக்கலாகிவிடும்.

1. அது கைல்தானா என்று உறுதிசெய்யுங்கள்

உணவை மாற்றுவதற்கு முன்பே நீர் மாதிரியை எடுக்க வேண்டும். பாலை நிறுத்திவிட்டு மறுநாள் எடுத்தால் நிறமும் கொழுப்பின் அளவும் மாறிவிடும். பிறகு எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஸ்கேன் பார்த்தபடி மெல்லிய ஊசியால் சில மில்லிலிட்டர் எடுத்தால் போதும்.

அந்த மாதிரியில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு, மொத்த அணுக்கள், அவற்றில் லிம்போசைட் என்ற வெள்ளணு வகையின் பங்கு, புரதம், சர்க்கரை, கிரியாட்டினின், பிலிருபின், கிருமி வளர்ப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். அதே நேரத்தில் ரத்தத்திலும் டிரைகிளிசரைடு பாருங்கள். வயிற்று நீரில் டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் டிரைகிளிசரைடு இருந்து, அது ரத்தத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகவும் இருந்து, மைக்ரோலிட்டருக்கு 1000க்கு மேற்பட்ட அணுக்களில் 80 சதவீதத்துக்கு மேல் லிம்போசைட்டாக இருந்தால் அது கைல்தான். பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம் என்ற எல்லையைக் கொள்வதுண்டு.

புதியவர்கள் இங்கேதான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். பிறந்து இன்னும் பால் குடிக்காத குழந்தைக்குக் கைல் வெள்ளையாக இராது. வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். டிரைகிளிசரைடும் குறைவாகவே காட்டும். அப்போது லிம்போசைட்டின் பங்கைத்தான் நம்ப வேண்டும். பால் கொடுக்கத் தொடங்கிய பிறகு அதே நீர் வெளுத்துப் போகும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. வெள்ளையாக வருவதெல்லாம் கைல் அல்ல. தொப்புள் சிரையில் போட்ட குழாய் இடம் தவறிக் கல்லீரல் பக்கம் கசிந்தால், நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கரைசலே வயிற்றுக்குள் தேங்கி அச்சு அசலாகக் கைல் போலத் தெரியும். அந்த நீரில் சர்க்கரை மிக அதிகமாக இருக்கும். லிம்போசைட் பெருக்கம் இராது. தொப்புள் குழாய் உள்ள குழந்தைக்கு வெள்ளை நீர் வந்தால், முதலில் குழாயின் முனை எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் பாருங்கள்.

கிரியாட்டினின் மிகுந்திருந்தால் சிறுநீர். பிலிருபின் மிகுந்திருந்தால் பித்தநீர். இரண்டுக்கும் போகும் பாதை வேறு.

2. எதையும் ஏற்றுவதற்கு முன் ரத்தம் எடுத்துவையுங்கள்

ஆல்புமின் என்ற ரத்தப் புரதம், பிளாஸ்மா, ரத்தம், நோயெதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் எதுவாக இருந்தாலும், ஏற்றிய பிறகு எடுக்கும் ரத்தம் குழந்தையின் சொந்தக் கணக்கைக் காட்டாது. ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் அளவு, லிம்போசைட் எண்ணிக்கை, சோடியம், கால்சியம், கல்லீரல் பரிசோதனை, ரத்த உறைவு நேரம், தைராய்டு ஆகியவற்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள். மரபணுச் சோதனைக்கான மாதிரியையும் இப்போதே எடுத்துவைப்பது நல்லது. அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவுசெய்துகொள்ளலாம்.

3. காரணத்தைத் தேடுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்

அறுவை சிகிச்சை நடந்த குழந்தை என்றால் காரணம் கண்முன்னே இருக்கிறது. உதரவிதானக் குடலிறக்கம் சரிசெய்தபோதோ, வயிற்றின் பின்சுவரில் இருந்த கட்டியை அகற்றியபோதோ நாளம் அறுபட்டிருக்கலாம். இவ்வகைக் கசிவு பெரும்பாலும் உணவு மாற்றத்துக்கே அடங்கிவிடும்.

பிறவியிலேயே வந்தது என்றால் நிணநீர் நாளங்கள் சரியாக உருவாகவில்லை அல்லது விரிந்து பலவீனமாக இருக்கின்றன என்று பொருள். டர்னர், நூனன், ஹென்னகாம் ஆகிய பிறவிக் கோளாறுகளின் அடையாளங்கள் உண்டா என்று முகம், கழுத்து, கைகால் வீக்கம், இதயம் எல்லாவற்றையும் பாருங்கள். நெஞ்சில் நீர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் கசியும் நிணநீர் இன்னோர் இடத்திலும் கசியக்கூடும்.

குடல் சுழற்சிக் கோளாறைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடல் தவறாகச் சுழன்று, அதன் வேர்ப்பகுதியில் நாளங்களை நெரித்தாலும் கைல் தேங்கும். இதை விட்டுவிட்டு வாரக்கணக்கில் உணவை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பயனில்லை. குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பச்சை நிறத்தில் வாந்தி எடுத்த குழந்தையானால் அன்றே, படத்தில் குடலைத் தெளிவாகக் காட்டும் மாறுபாட்டு மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

சொல்லச் சங்கடமான ஒன்றும் உண்டு. வெளிக்காரணம் எதுவுமே தெரியாத, சற்று வளர்ந்த குழந்தைக்கு வயிற்றில் அடிபட்டும் கைல் கசியலாம். உடலில் வேறு காயங்கள் இருக்கின்றனவா என்று முழுமையாகப் பார்ப்பது மருத்துவரின் கடமை. பெற்றோர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படித்தான் பார்க்கிறோம்.

காரணம் தெரியும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பல குழந்தைகளுக்குக் காரணம் கடைசிவரை தெரியாமலே குணமாகிவிடுகிறது.

4. தினமும் ஒரே மாதிரி அளந்து எழுதுங்கள்

பிந்தைய முடிவுகள் அத்தனையும் இந்த ஒரு தாளை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன. தொப்புள் மட்டத்தில் வயிற்றின் இரண்டு பக்கமும் பேனாவால் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டின் மேலேயே அளவு நாடா செல்ல வேண்டும். காலையில், பால் கொடுப்பதற்கு முன், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஒருவர் தொப்புளுக்கு மேலும் இன்னொருவர் கீழும் அளந்தால் வரும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தை நம்பி மருந்தைக் கூட்டிவிடுகிறார்கள். குளிப்பாட்டும்போது கோடு அழிந்துவிடும், மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

எடை நம்மை ஏமாற்றும். வயிற்றில் நீர் ஏறினாலும் எடை கூடும், சதை கரைந்தாலும் நீர் அதை மறைத்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை மேற்கையின் நடுச் சுற்றளவையும் தலைச் சுற்றளவையும் நீளத்தையும் சேர்த்து எழுதுங்கள். எடை ஏறிக் கை மெலிந்தால் அது நல்ல செய்தி அல்ல.

இவற்றோடு குடித்த பால், வெளியேறிய சிறுநீர், மலம் கழித்த முறை, மூச்சின் வேகம் ஆகியவற்றையும் குறியுங்கள். ஆண் குழந்தைக்கு விரைப்பை வீக்கத்தையும் பாருங்கள். வயிற்று நீர் அங்கே இறங்கி வீங்குவது இந்நோயின் முதல் அறிகுறியாகவே சில சமயம் இருக்கும்.

5. கொழுப்பின் வகையை மாற்றுங்கள்

முழுச் சிகிச்சையின் அடித்தளம் இதுதான். தாய்ப்பாலிலும் மாட்டுப்பாலிலும் எண்ணெயிலும் இருக்கும் நீள்சங்கிலிக் கொழுப்பு, குடலில் செரித்த பிறகு நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. நிணநீர் நாளங்களின் வழியாகவே போகிறது. கொழுப்பு சேர்ந்த உணவு உள்ளே போனால் நிணநீர் ஓட்டம் பல மடங்கு பெருகும். கசியும் இடத்தின் மீது வெள்ளம் பாய்கிறது. மூடத் தொடங்கிய ஓட்டை மீண்டும் திறந்துகொள்கிறது.

எம்.சி.டி. எனப்படும் நடுச்சங்கிலிக் கொழுப்பு வேறு வழியில் போகிறது. அது குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் கலந்துவிடும். ஆகவே நிணநீரைப் பெருக்காமல் கலோரி கொடுக்க முடிகிறது.

மூச்சுத் திணறல் இல்லாமல், பாலைத் தாங்கிக்கொள்ளும் குழந்தைக்கு முதல் படி எம்.சி.டி. பால்தான். இந்தியாவில் சிமில் எம்.சி.டி. பரவலாகப் புழங்குகிறது, வெளிநாடுகளில் மோனோஜென் போன்றவை உண்டு. பெயரைப் பார்த்து வாங்குவதைவிட டின்னின் பின்புறத்தைப் படியுங்கள். மொத்தக் கொழுப்பில் எத்தனை சதவீதம் எம்.சி.டி. என்பதுதான் கேள்வி. ‘எம்.சி.டி. சேர்த்தது’ என்று அட்டையில் அச்சிட்ட எல்லாப் பவுடரும் இந்நோய்க்கு ஏற்றதாகிவிடாது. பாதிக்குப் பாதி நீள்சங்கிலிக் கொழுப்பு இருந்தால் கசிவு நிற்காது.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, தேங்காய் எண்ணெய். அதில் நடுச்சங்கிலிக் கொழுப்பு உண்டு என்று எங்கோ படித்துவிட்டு, பவுடர் விலைக்கு அஞ்சி, அதையே கலந்து கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். பெயரளவில் அது நடுச்சங்கிலியானாலும் அதில் பெரும்பகுதி நிணநீர் வழியாகவே போகிறது. நேராகக் கல்லீரலுக்குப் போகும் குறுகிய வகை, நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் தேறாது. மருந்துக்கான எம்.சி.டி. எண்ணெய்க்கு இது ஒருபோதும் ஈடாகாது.

இரண்டாவது, அவசரம். எம்.சி.டி. பாலை முதல் நாளே முழு அளவில், கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். பிறகு ‘இந்தப் பால் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுகிறார்கள். பவுடரும் நீரும் டின்னில் சொன்ன விகிதத்தில் இருக்கட்டும். நான்கைந்து நாட்களில் படிப்படியாக முழு அளவுக்குப் போகலாம்.

மூன்றாவது, வார்டுக்கு வெளியே நடப்பது. உரைமருந்து, விளக்கெண்ணெய், நாக்கில் தடவும் நெய். ‘ஒரு சொட்டு நெய் என்ன செய்துவிடும், டாக்டரம்மா?’ என்று பாட்டிமார் கேட்பது அன்பினால்தான். அவர்களைக் கண்டிப்பதில் பயனில்லை. கொழுப்பு எந்த வழியாகப் போகிறது, அது எங்கே கசிகிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினால் அவர்களே மற்றவர்களுக்குக் காவல் இருப்பார்கள். இதைத் தாயிடம் மட்டும் சொல்லாமல், குழந்தையைத் தூக்கும் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

எம்.சி.டி.யில் உடலுக்கு இன்றியமையாத கொழுப்பு அமிலங்கள் இல்லை. மொத்தக் கலோரியில் 2 முதல் 4 சதவீதம், அவற்றில் ஒன்றான லினோலிக் அமிலமாகக் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் சில வாரங்களில் தோல் வறண்டு செதிலாகும், புண் ஆறாது, தட்டணுக்கள் குறையும். குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் விரைவில் வரும். பவுடரில் அது இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை மில்லிலிட்டர் எண்ணெய் சேர்ப்பது என்று உணவியல் நிபுணர் கணக்கிட்டுச் சொல்வார். ஊசிக்குழலால் அளந்துதான் சேர்க்க வேண்டும். கரண்டிக் கணக்கு கூடாது.

6. தாய்ப்பாலைக் கைவிடாதீர்கள்

‘தாய்ப்பால் கொடுக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். தாய் அதைத் தன் பால் கெட்டது என்று எடுத்துக்கொள்கிறாள். இரண்டே வாரத்தில் பால் வற்றிவிடுகிறது. கசிவு நின்று குழந்தை பாலுக்குத் தயாராகும்போது பால் இல்லை. இதை நான் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. ஏனென்றால் இது முழுக்கத் தடுக்கக்கூடியது.

நிறுத்தச் சொல்லும் அதே மூச்சில் சொல்ல வேண்டியது இது: ‘அம்மா, உங்கள் பாலில் குறை ஒன்றும் இல்லை. அதிலுள்ள கொழுப்புக்கு மட்டும் சில வாரம் இடைவேளை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சி, தேதி எழுதி, உறைநிலையில் வையுங்கள்.’ இரவிலும் ஒருமுறையாவது பீய்ச்ச வேண்டும். இல்லையென்றால் சுரப்பு குறையும்.

வசதி உள்ள இடங்களில் கொழுப்பு நீக்கிய தாய்ப்பாலையே கொடுக்கிறோம். பீய்ச்சிய பாலைக் குளிர்நிலையில் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் கருவியில் 15 நிமிடம் சுழற்றினால் குழாயின் மேற்பகுதியில் வெண்ணெய் போல மஞ்சள் படலம் கெட்டியாக நிற்கும்; கீழே நீலம் ஓடிய மெல்லிய பால் தெளிந்திருக்கும். படலத்தைக் கலைக்காமல், ஊசிக்குழலில் இணைத்த மெல்லிய குழாயைப் பக்கவாட்டில் அடிவரை இறக்கி, கீழிருக்கும் பாலை மெதுவாக உறிஞ்ச வேண்டும். கடைசி ஓரிரு மில்லிலிட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். அதையும் எடுக்க ஆசைப்பட்டால் கொழுப்பு கூடவே வந்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்து மேலே வரும் ஆடையை எடுப்பதும் ஒரு வழிதான். ஆனால் கொழுப்பு அந்த அளவுக்கு நீங்காது. எந்த வழியானாலும் மீதமிருக்கும் கொழுப்பை ஆய்வகத்தில் அளந்துவிட்டுக் கொடுப்பதே சரி.

தாய்ப்பாலின் கலோரியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். கொழுப்பு நீக்கிய பாலை மட்டும் கொடுத்தால் குழந்தை வயிறு நிறையக் குடித்தும் மெலியும். எம்.சி.டி. எண்ணெய், இன்றியமையாத கொழுப்பு அமிலங்கள், கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் அது முழு உணவாகும். பாலாடைக் கிண்ணத்திலோ மூக்குக் குழாய் வழியாகவோ கொடுக்கலாம். மார்பில் சப்புவதை மறக்காமலிருக்க, பால் பீய்ச்சிய பிறகு வெறும் மார்பில் சற்றுநேரம் வைத்துக்கொள்ளவும் விடலாம்.

7. பயன் இல்லையெனில் குடலுக்கு முழு ஓய்வு

எம்.சி.டி. பாலில் இரண்டு வாரம் போல இருந்தும் வயிறு பெருகிக்கொண்டே போனால், அல்லது தொடக்கத்திலேயே மூச்சுத் திணறும் அளவுக்கு நீர் இருந்தால், வாய்வழி உணவை நிறுத்தி நரம்புவழி ஊட்டத்துக்குப் போகிறோம். எந்தப் பாலும் உள்ளே போகாதபோதுதான் நிணநீர் ஓட்டம் மிகக் குறைவாக இருக்கும்.

வரிசை முக்கியம். மையச் சிரையில் நல்ல குழாயைப் போட்டு, முனை சரியான இடத்தில் இருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே பாலை நிறுத்த வேண்டும். பாலை நிறுத்திவிட்டுக் குழாய்க்கு அலைந்தால் அந்த இரண்டு நாட்கள் குழந்தை வெறும் குளுக்கோஸில் கிடக்கும். ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு இது பெரிய இழப்பு.

‘கொழுப்பு ஆகாது’ என்று மனப்பாடம் செய்தவர்கள் நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கரைசலையும் நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. நரம்பில் ஏற்றும் கொழுப்பு குடலைத் தொடுவதே இல்லை. நேராக ரத்தத்தில் கலக்கிறது. கசிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கலோரிக்கும் இன்றியமையாத கொழுப்பு அமிலங்களுக்கும் இப்போது அதுதான் ஒரே வழி.

வாரங்கள் நீண்டால் இரண்டு ஆபத்துகள் வரும்: குழாயில் தொற்று, கல்லீரலில் பித்தத் தேக்கம். குழாயைத் தொடும் ஒவ்வொரு முறையும் கை கழுவுவதும், வாரந்தோறும் ரத்தத்தில் பித்தத் தேக்கத்தைக் காட்டும் நேரடிப் பிலிருபினைப் பார்ப்பதும் தவறக் கூடாது. பாலை நிறுத்தியபின் வயிற்று நீர் வெள்ளையிலிருந்து தெளிவாகும். கசிவு நின்றுவிட்டது என்று கொண்டாட வேண்டாம். கொழுப்பு போகாததால் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நீரின் அளவு குறைகிறதா என்பதுதான் கணக்கு.

8. ஆக்ட்ரியோடைட்

குடல் ஓய்வில் சில நாட்கள் கழிந்தும் நீர் குறையாவிட்டால் இந்த மருந்தைச் சேர்க்கிறோம். குடலுக்கு வரும் ரத்த ஓட்டத்தையும் நிணநீர் உற்பத்தியையும் இது குறைக்கிறது. வழக்கமாகக் கிலோவுக்கு மணிக்கு 1 மைக்ரோகிராம் அளவில் தொடர்ந்து நரம்பில் ஏற்றி, பலனைப் பார்த்து ஒவ்வொரு நாளும் சிறிது கூட்டி, 10 மைக்ரோகிராம் வரை போவதுண்டு.

ரத்தச் சர்க்கரை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். முதல் நாட்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதயத் துடிப்பு குறையலாம். நீண்ட நாள் கொடுத்தால் பித்தப்பையில் கல், தைராய்டு குறைவு ஆகியவையும் வரலாம். குறைமாதக் குழந்தைக்கும் இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கும் குடல் அழுகும் நோய் வரக்கூடும் என்பதால், வயிறு திடீரென இறுகினாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உயர்ந்த அளவில் ஒரு வாரம் போல கொடுத்தும் நாடாவில் வயிற்றளவு குறையவில்லை என்றால், அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பொருளில்லை. பலன் இருந்தால் நிறுத்தும்போது படிப்படியாகக் குறையுங்கள்.

9. இழந்ததை ஈடுகட்டுங்கள், நீரை எடுப்பதில் கையை அடக்குங்கள்

கைலில் புரதமும் லிம்போசைட்டும் நோயெதிர்ப்புப் பொருட்களும் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் உப்பும் இருக்கின்றன. அதனால்தான் அதை ஊசியால் வெளியேற்றுவது வைத்தியம் ஆகாது. வயிறு பெரிதாக இருக்கிறது, குழந்தை கஷ்டப்படுகிறது, எடுத்துவிடுங்கள் என்று குடும்பம் கேட்கும்; இரவுப் பணியில் இருக்கும் புதியவருக்கும் கை துறுதுறுக்கும். எடுத்த நீர் ஓரிரு நாட்களில் மீண்டும் நிரம்பிவிடும், குழந்தையின் புரதத்தை உறிஞ்சிக்கொண்டு. மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், பாலே இறங்காத அளவுக்கு வயிறு இறுகுதல் ஆகியவை இருந்தால் மட்டும், மெதுவாக, தேவையான அளவு எடுக்க வேண்டும். ஆல்புமினைத் தயாராக வைத்துக்கொண்டே எடுங்கள்.

ஆல்புமின் குறைந்து வீக்கம் வந்தால், 20 சதவீதக் கரைசலில் கிலோவுக்கு அரை முதல் 1 கிராம் வரை சில மணி நேரத்தில் ஏற்றுவது வழக்கம். ஆய்வக அளவை மட்டும் பார்த்து ஏற்றக் கூடாது. ஏற்றியதில் ஒரு பகுதி கசிந்துதான் போகும். சிறுநீர் பிரியும் மருந்து வீக்கத்தைக் கொஞ்சம் வடிக்கும், கசிவை அடைக்காது. தனியாக அதை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் குழந்தை வறண்டுபோகும்.

ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைத் தண்ணீரில் கலக்கும் வகையில் வாங்குங்கள். தொற்று வந்தால் இந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பெரிதாகத் தெரியாமலே நிலை மோசமாகும் என்பதால் சந்தேகம் வந்த உடனே கிருமிச் சோதனை செய்து மருந்து தொடங்க வேண்டும்.

தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம். லிம்போசைட் மிகக் குறைந்திருந்தால் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. இம்யூனோகுளோபுலின் ஏற்றிய குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைச் சில மாதம் தள்ளிப்போட வேண்டும். ஏற்றிய தேதியை அட்டையிலேயே எழுதிவையுங்கள்.

10. அறுவை சிகிச்சை எப்போது

நான்கு முதல் எட்டு வாரம் முறையாக முயன்றும் நீர் குறையவில்லை என்றால் அடுத்த கதவைத் தட்ட வேண்டும். ‘முறையாக’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நடுவில் நெய் போயிருந்தால், சில நாட்கள் சாதாரணப் பால் பவுடர் கொடுத்திருந்தால், அந்த வாரங்கள் கணக்கில் வராது.

கத்தியை எடுக்கும் முன் கசியும் இடத்தைப் படத்தில் பார்க்க முயல வேண்டும். இடுப்பு மடிப்பில் உள்ள நிணநீர்க் கணுவுக்குள் மாறுபாட்டு மருந்தைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதி சில பெரிய மையங்களில் மட்டும் உண்டு. லிப்பியோடால் என்ற எண்ணெய் மருந்தை அதே கணுவில் செலுத்திப் படம் எடுத்தால், சில சமயம் அந்த மருந்தே கசிவை அடைத்துவிடுகிறது.

அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு குழந்தைக்குக் கொழுப்பு மிகுந்த பாலை வேண்டுமென்றே கொடுப்பதுண்டு. அத்தனை வாரம் தவிர்த்ததை இப்போது ஏன் கொடுக்கிறார்கள் என்று பெற்றோர் பதறிப்போகிறார்கள். மேசையில் வயிற்றைத் திறக்கும்போது வெள்ளைத் துளி எங்கிருந்து ஊறுகிறது என்று கண்ணால் பார்க்கத்தான். மயக்கத்துக்கு முன் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதை மயக்க மருத்துவரோடு பேசியே இதைச் செய்ய வேண்டும். குடலின் வேர்ப்பகுதி, கணையத்தைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் தேடி, தென்பட்ட இடத்தைத் தைத்து, ஃபைப்ரின் பசை பூசுவார்கள். இடம் தெரியாமல் பரவலாக ஊறினால் பசை மட்டும் பூசி வெளியே வருவதும் உண்டு.

வயிற்று நீரைச் சிரைக்குத் திருப்பும் ஷண்ட் குழாய் கடைசி வழிகளில் ஒன்று. கைல் கெட்டியானது என்பதால் அடைத்துக்கொள்ளும், தொற்றும் வரும். நிணநீர் நாளங்கள் பரவலாகக் கெட்டிருக்கும் குழந்தைகளுக்கு சிரோலிமஸ் என்ற மருந்து பயன்படுகிறது. நூனன் போன்ற கோளாறுகளில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் கண்டறியப்பட்டால் டிராமெட்டினிப் என்ற மருந்தைப் பரிசீலிக்கிறார்கள். இரண்டாம் படியில் எடுத்துவைத்த மரபணு மாதிரி இங்கேதான் உதவும்.

11. பாலுக்குத் திரும்புவதும் வீட்டுக்குப் போவதும்

வந்த வழியிலேயே, ஆனால் இன்னும் மெதுவாகத் திரும்ப வேண்டும். நீர் வற்றியதை ஸ்கேனில் பார்த்த பிறகு முதலில் எம்.சி.டி. பால், சிறிய அளவில். அது முழு அளவுக்கு வந்த பிறகு நரம்புவழி ஊட்டத்தை நிறுத்தலாம். பிறகு பல வாரங்கள், சில குழந்தைகளுக்குச் சில மாதங்கள், எம்.சி.டி. பாலிலேயே இருக்க வேண்டும். வயிறு தட்டையாகிவிட்டது என்று வாரக்கடைசியில் தாய்ப்பாலுக்கு மாறி, மறு வாரமே திரும்பி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். புதிதாக மூடிய இடம் உறுதியாவதற்கும் நாள் வேண்டும்.

மருத்துவர் அனுமதித்த பிறகு நாளின் மொத்தப் பாலில் கால் பங்கைத் தாய்ப்பாலாக மாற்றி, ஒரு வாரம் பொறுத்து, ஸ்கேன் பார்த்து, அடுத்து அரைப் பங்கு என்று போக வேண்டும். நீர் மீண்டும் தெரிந்தால் ஒரு படி பின்வாங்கினால் போதும். தொடக்கத்துக்கே போக வேண்டியதில்லை.

ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கும்போதும் எம்.சி.டி. உணவிலேயே இருக்கிற குழந்தை என்றால் சமையலறையில் கவனம் வேண்டும். குழைத்த சாதம், பாசிப்பருப்பு, கேரட், பூசணி, வாழைப்பழம், ஆப்பிள் கூழ் ஆகியவை ஆகும். நெய், தேங்காய்ப்பால், முட்டையின் மஞ்சள் கரு, வேர்க்கடலை, பிஸ்கட் ஆகியவை ஆகா. இட்லி நல்ல உணவுதான். ஆனால் தட்டில் நல்லெண்ணெய் தடவிவிடுகிறோம். குழந்தைக்கென்று ஈரத்துணி போட்டு அவித்துக் கொடுங்கள். மருத்துவர் சொன்ன எம்.சி.டி. எண்ணெயைச் சூடு ஆறிய சாதத்தில் கலக்க வேண்டும். தாளிக்கவோ பொரிக்கவோ பயன்படுத்தக் கூடாது.

வீட்டிலும் நாடா தொடரட்டும். வயிற்றுச் சுற்றளவு இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து ஏறினால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் போனில் சொல்லுங்கள். மூச்சு வேகமானால், பச்சையாக வாந்தி எடுத்தால், காய்ச்சல் வந்தால், சிறுநீர் குறைந்தால், விரைப்பையோ கால்களோ வீங்கினால், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். போகும்போது அந்த அளவுத் தாளையும் பால் டின்னையும் எடுத்துச் செல்லுங்கள். புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு இந்த நோயின் பெயரே முதல்முறையாக இருக்கலாம். அந்த இரண்டையும் வைத்து அவர் விரைவாக முடிவெடுக்க முடியும்.